பயணத்தின் விலை: குடிநுழைவுக் கட்டணங்களின் வரலாறும் நம் குடும்பங்களும்

தாமிரபரணிக் கரையில் வாழும் நம் மக்களுக்குச் ‘சபர்’ என்பது வெறும் பயணத்தைக் குறிக்கும் சொல் அன்று; அது ஒரு வாழ்க்கை முறை. பாளையங்கோட்டை, மேலப்பாளையம், கடையநல்லூர், தென்காசி, காயல்பட்டினம் என்று எந்த ஊரை எடுத்தாலும், சபர் செய்த ஒருவரேனும் இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், பிறகு ஜித்தா, ரியாத், துபாய், இப்போது லண்டனும் அமெரிக்காவும் என்று தலைமுறைக்குத் தலைமுறை ஊர்கள் மாறின. சபர் மாறவில்லை.

அந்தச் சபருக்கு ஆகும் செலவின் வரிசை மட்டும் மாறிவிட்டது. நம் பாட்டனார் காலத்தில் கப்பல் சீட்டே பெருஞ்செலவு. தந்தையர் காலத்தில் ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் பெருஞ்செலவு. இன்றோ அரசுகள் விண்ணப்பத்துக்கும் விசாவுக்கும் தங்கும் உரிமைக்கும் வசூலிக்கும் கட்டணமே பல குடும்பங்களுக்குப் பெருஞ்செலவாகி வருகிறது. 2025 செப்டம்பர் 19 அன்று, புதிய எச்-1பி விசா விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்க அதிபர் அறிவித்தபோது உலகமே அதைப் பற்றிப் பேசியது. ஆனால் எல்லையில் பணம் கேட்கும் வழக்கமும், அந்தப் பணம் குடும்பங்களைப் பிரிக்கும் துயரமும் நமக்குப் புதியவை அல்ல. அவற்றுக்கு நீண்ட வரலாறு உண்டு.

அந்த வரலாற்றைப் புரட்டும்போது ஒரு கேள்வி மீண்டும் மீண்டும் எழுகிறது. கட்டணம் எவ்வளவு என்பது அன்று. அது யார் தலையில் வைக்கப்படுகிறது, எதற்காக வைக்கப்படுகிறது என்பதே அக்கேள்வி.

சரக்குக்குச் சுங்கம், மனிதனுக்கு மக்ஸ்

தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் இருந்த காயல் துறைமுகத்தைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறிப்பிடுகிறார். ஹோர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைகளையும் சரக்குகளையும் ஏற்றிய கப்பல்கள் அங்கு வந்ததாக அவர் எழுதினார். அந்நாளைய துறைமுகங்களில் அரசர்கள் சுங்கம் வாங்கினார்கள். ஆனால் அந்தச் சுங்கம் பெரும்பாலும் சரக்கின்மீது விழுந்தது. குதிரைக்கும் முத்துக்கும் மிளகுக்கும் விலை உண்டு. அதில் ஒரு பங்கை அரசன் எடுத்துக்கொண்டான்.

மனிதன் தன் உடலோடு எல்லையைக் கடப்பதற்கே பணம் கேட்பது வேறு வகை. அதற்கும் பழைய எடுத்துக்காட்டு ஒன்று நம் சமுதாய வரலாற்றிலேயே இருக்கிறது. அந்தலூசியாவின் கிரனாடாவிலிருந்து 1183இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர், செங்கடல் வழியாக மக்காவுக்குச் சென்ற ஹாஜிகளிடம் அதற்கு முன்பு வரை தலைக்கு ஏழரை தீனார் வசூலிக்கப்பட்டதைப் பதிவு செய்திருக்கிறார். கொடுக்க இயலாதவர்கள் ஐதாப் துறைமுகத்தில் வதைக்கப்பட்டதையும் அவர் எழுதியுள்ளார். மக்காவை ஆண்ட அமீரின் வருவாய்க்காக வாங்கப்பட்ட அந்த மக்ஸை நீக்கியவர் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி.

அவர் அதை எப்படி நீக்கினார் என்பதைக் கவனிக்க வேண்டும். வாங்காதே என்று ஆணை மட்டும் பிறப்பித்திருந்தால், மக்காவின் அமீர் வேறு வழியில் வாங்கியிருப்பார். ஆகவே ஹாஜிகள் கொடுத்து வந்ததற்கு ஈடாக ஆண்டுதோறும் பணமும் கோதுமையும் தம் அரசிலிருந்து அனுப்ப ஸலாஹுத்தீன் ஏற்பாடு செய்தார். ஒரு கட்டணம் தானாக மறைந்து போவதில்லை. ஏழைப் பயணியின் தோளிலிருந்து அது இறங்க வேண்டுமானால், தாங்க வலுவுள்ள ஒருவர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய இந்தப் பாடம், பின்னர் வந்த காலனி ஆட்சிக் காலத்தைப் புரிந்துகொள்ள நமக்கு உதவுகிறது.

தட்டப்பாறையிலிருந்து தோட்டங்களுக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வெளியேறியவர்களுக்குப் பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. தூத்துக்குடியில் சீட்டு வாங்கினால் கொழும்புக்குப் போகலாம். அந்தச் சீட்டின் விலைக்காகவே ஒரு போர் நடந்தது. 1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கித் துணை நின்றார். போட்டியை ஒழிக்க வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. 1908இல் வ.உ.சி. கைதாகிப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டது நாம் அறிந்த வரலாறு.

சொந்தக் காசில் சீட்டு வாங்கிய வணிகர்களின் கதை அது. தோட்டக் கூலிகளாகச் சென்றவர்களின் கதை வேறு. அவர்கள் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள தட்டப்பாறை முகாமிலும், பின்னர் மண்டபம் முகாமிலும் நோய்த்தடுப்புக்காக நிறுத்தப்பட்ட பிறகே இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். மலாயாவுக்குச் சென்றவர்களுக்கு 1907இல் ஒரு புதிய ஏற்பாடு வந்தது. தமிழர் குடியேற்ற நிதி என்ற ஒன்றை அங்குள்ள அரசு சட்டத்தின் மூலம் உருவாக்கியது. தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும் அந்நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். அதிலிருந்து தொழிலாளரின் கப்பல் செலவும் ஆள் திரட்டும் செலவும் ஈடுசெய்யப்பட்டன.

உழைப்பால் ஆதாயம் பெறுபவரே உழைப்பாளியை வரவழைக்கும் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை, ரப்பர் தோட்டங்களின் காலத்திலேயே சட்டமாக எழுதப்பட்டிருந்தது என்பது இதனால் விளங்குகிறது. இதைக் கருணை என்று நாம் சொல்லவில்லை. ஆள் வேண்டும், ஆளிடம் பணம் இல்லை. ஆகவே முதலாளி கொடுத்தார். குறைந்த கூலியால் அவர் அதைத் திரும்பவும் எடுத்துக்கொண்டார்.

இலங்கையில் இந்தத் திரும்ப எடுத்தல் இன்னும் வெளிப்படையாக நடந்தது. பயணச் செலவு கங்காணி கொடுத்த முன்பணமாகித் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அந்தக் கடனைக் காட்டும் ‘துண்டு’ என்னும் சீட்டு வேண்டும். புதிய தோட்டம் கடனை அடைத்தால்தான் ஆள் விடுபடுவார். 1921இல்தான் அந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஏட்டில் ஒருவர் கொடுப்பதாக எழுதிவிட்டு, நடைமுறையில் இன்னொருவரிடம் பிடித்துக்கொள்ளும் வழக்கம் அன்றே இருந்தது. இன்றைய வளைகுடாவை நோக்கும்போது இது மீண்டும் நினைவுக்கு வரும்.

மூன்று பவுன்

முதலாளி கொடுத்த கட்டணம் ஆளை வரவழைப்பதற்காக. வந்த ஆளைத் துரத்துவதற்காகவும் கட்டணம் விதிக்கலாம் என்று காட்டிய இடம் தென்னாப்பிரிக்காவின் நேட்டால்.

கரும்புத் தோட்டங்களுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழர்கள் அங்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். ஒப்பந்தம் முடிந்தபின் அவர்கள் காய்கறி பயிரிட்டார்கள், சிறு கடை வைத்தார்கள், நிலம் வாங்கினார்கள். இது வெள்ளைக் குடியேறிகளுக்குப் பொறுக்கவில்லை. 1895இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தவர் ஊர் திரும்ப வேண்டும். அல்லது மறு ஒப்பந்தம் செய்ய வேண்டும். இரண்டும் இல்லையேல் தங்குவதற்கான உரிமமாக ஆண்டுதோறும் 3 பவுன் கட்ட வேண்டும். முதலில் அவர்கள் கேட்டது 25 பவுன். இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த எல்ஜின் பிரபு 3 பவுனுக்கு ஒப்புதல் கொடுத்தார்.

பவுன் என்ற சொல் நம் வீட்டுப் பெண்களுக்கு நன்கு தெரியும். நகையை எடைபோடும் அந்தப் பவுன், பிரிட்டனின் தங்க நாணயத்திலிருந்து வந்ததே. ஆண்டுக்கு மூன்று பவுன் வரி என்றால் ஏறத்தாழ மூன்று பவுன் தங்கம். ஒப்பந்தக் கூலிக்கு முதலாண்டில் மாதச் சம்பளம் 10 ஷில்லிங், அதாவது ஆண்டுக்கு 6 பவுன். அதில் பாதி அளவு தொகையை, அந்த நாட்டில் தங்குவதற்காக மட்டும் கேட்டார்கள். பின்னர் பதினாறு வயது கடந்த ஆண்பிள்ளைகளுக்கும், பதின்மூன்று வயது கடந்த பெண்பிள்ளைகளுக்கும் அந்த வரி நீண்டது. கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இருவர் என்றால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 12 பவுன்.

இதன் நோக்கம் வருவாய் அன்று. கட்ட முடியாதவர் மீண்டும் அடிமை ஒப்பந்தத்தில் விழ வேண்டும், அல்லது கப்பலேற வேண்டும் என்பதே நோக்கம். ‘போ’ என்று சட்டத்தில் எழுதாமல், ‘இருக்க வேண்டுமானால் பணம் கட்டு’ என்று எழுதினார்கள். கட்டணத்தைச் சுவராக எழுப்பும் கலைக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

அந்தச் சுவரை இடித்தவர்கள் அதைக் கட்ட வேண்டியவர்களே. 1913 அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் தொடங்கிய வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. பெருந்திரளான தமிழ்த் தொழிலாளர்கள் அதில் இறங்கினார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்று நோயுற்று 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். அப்போராட்டக் காலத்தில் டிரான்ஸ்வால் இந்தியர் சங்கத்தின் தலைவராக இருந்தவர் அஹ்மத் முஹம்மது கச்சாலியா என்ற முஸ்லிம் வணிகர். மூன்று பவுன் வரி வணிகரான அவர்மீது விழவில்லை. எனினும் போராட்டத்துக்காகத் தம் வணிகமே நொடித்துப் போகும் அளவுக்கு இழப்பைத் தாங்கியவர் அவர். 1914இல் நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் அந்த வரியை ஒழித்தது. தன்மேல் விழாத கட்டணத்துக்காகவும் ஒருவர் குரல் கொடுக்கலாம் என்ற முன்மாதிரியை நம் சமுதாயத்து வணிகர் ஒருவர் விட்டுச் சென்றிருக்கிறார்.

சொந்த நாடு அயல்நாடாகிய போது

ரங்கூனில் தமிழ் முஸ்லிம்களைச் சூலியா என்று அழைத்தார்கள். அவர்கள் பெயரால் அமைந்த சூலியா பள்ளிவாசல் இன்றும் அங்கு உண்டு. பர்மா 1937 ஏப்ரல் 1 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். பாளையங்கோட்டையிலிருந்து பம்பாய்க்குப் போவதும் ரங்கூனுக்குப் போவதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றே.

ஆயினும் பிரிவினைக்கு முன்பே, 1925இல், கடல் வழியாக பர்மாவுக்கு வருவோர்மீது தலைவரி விதிக்கும் மசோதா ரங்கூன் சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. இந்தியாவிலிருந்து வரும் கூலியாட்களைக் குறைப்பதே அதன் உள்நோக்கம் என்று இந்தியர்கள் எதிர்த்தார்கள். பிரிவினைக்குப் பின் 1941இல் இந்திய-பர்மிய அரசுகள் செய்துகொண்ட குடியேற்ற ஒப்பந்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. பர்மாவில் நுழைவதற்கு அனுமதிச் சீட்டுகளும், அவற்றுக்குக் கட்டணங்களும் வகுக்கப்பட்டன. நிரந்தரமாகத் தங்கும் அனுமதியின் விலை ஏழைக்கு எட்டாத உயரத்தில் வைக்கப்பட்டது. காந்தியடிகள் உள்ளிட்டோர் அந்த ஒப்பந்தத்தைக் கண்டித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் போர் வந்து எல்லாவற்றையும் அடித்துச் சென்றது.

போருக்குப் பின் எல்லைகள் ஒவ்வொன்றாக மூடின. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடிவரவுச் சட்டம் 1949 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. கொழும்பில் கடை வைத்திருந்தவரும் அக்கடையில் கணக்கு எழுதியவரும் ஒரே நாளில் விசாவும் தற்காலிக வதிவிட அனுமதியும் தேவைப்படும் அயலாராகிப் போனார்கள். மலாயாவும் சிங்கப்பூரும் 1953 முதல் புதிய குடிநுழைவுச் சட்டத்தால் வாசலைக் குறுக்கிக்கொண்டன. அதற்கு முன்பே போய் வேரூன்றிய கடையநல்லூர் மக்கள், சிங்கப்பூரில் 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியிருந்தார்கள். இந்தச் சட்டங்களுக்குப் பின் சபர் என்பது சீட்டு வாங்கும் செயலாக இல்லாமல், விண்ணப்பம் எழுதும் செயலாக மாறியது. விண்ணப்பம் இருக்கும் இடத்தில் விண்ணப்பக் கட்டணமும் வந்து சேரும்.

நம் நாட்டு வாசல்

வெளிநாட்டு அரசுகளை மட்டும் பேசிவிட்டு நம் அரசை விட்டுவிடுவது நேர்மையாகாது. விடுதலைக்குப் பிந்திய இருபது ஆண்டுகள் இந்தியாவில் பாஸ்போர்ட் என்பது குடிமகனின் உரிமையாகக் கருதப்படவில்லை. அரசு விரும்பினால் தரும் சலுகையாகவே இருந்தது. ஏழை விண்ணப்பதாரரிடம் பண உத்தரவாதமும் பொறுப்பேற்பாரும் கேட்கப்பட்டனர். 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சானி வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூனில் பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது.

கட்டணம் என்று பார்த்தால், 2002இல் 1,000 ரூபாயாக உயர்ந்த சாதாரண பாஸ்போர்ட் கட்டணம் 2012 அக்டோபர் 1 முதல் 1,500 ரூபாயாயிற்று. தத்கால் வேண்டுமானால் மேலும் 2,000 ரூபாய். உலகின் பிற கட்டணங்களோடு ஒப்பிட்டால் இந்த உயர்வு மிதமானதே. அதைவிட நமக்குப் பெரும் செலவாக இருந்தது தொலைவு. திருச்சி வரை போய் வரிசையில் நின்ற தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. 2007 டிசம்பரில் மதுரையில் அலுவலகம் வந்தது. இன்று பாளையங்கோட்டையிலிருந்து நகரப் பேருந்திலேயே போய்ச் சேரும் தொலைவில் திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா மையம் இருக்கிறது. ஒரு நாள் கூலியும் இரவுப் பயணமும் விடுதி வாடகையும் மிச்சமானது, கட்டணக் குறைப்புக்கு ஒப்பான நன்மையே.

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டமும் குறிப்பிடத்தக்கது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா போன்ற குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால், குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும் என்பது இன்றைய விதி. அதற்கான அரசுக் கட்டணம் 200 ரூபாய் மட்டுமே. உரிமம் பெற்ற ஏஜெண்டு வாங்கத்தக்க சேவைக் கட்டணம் அதிக அளவாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். இந்த இரண்டு எண்களையும் நம் மஹல்லாவின் ஒவ்வொரு வீடும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜெண்டு கேட்பது அரசுக் கட்டணம் அன்று.

நானூறு ரியால்

வளைகுடாவில் நம் தலைமுறை கண்ட பெருமாற்றம் 2017 ஜூலையில் வந்தது. 2014இல் எண்ணெய் விலை சரிந்தபின் வருவாயைப் பெருக்கவும், சொந்த நாட்டு மக்களை வேலைகளில் அமர்த்தவும் திட்டமிட்ட சவூதி அரசு, வெளிநாட்டு ஊழியருடன் தங்கியிருக்கும் குடும்பத்தாருக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. ஒவ்வோர் ஆண்டும் 100 ரியால் உயர்ந்து, 2020இல் அது மாதம் 400 ரியாலாயிற்று.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மனைவியும் மூன்று பிள்ளைகளும் உடனிருந்தால் நால்வர். முதலாண்டில் 4,800 ரியால். நான்காவது நிலையில் ஆண்டுக்கு 19,200 ரியால். ரியாலுக்கு ஏறத்தாழ இருபது ரூபாய் என்று கொண்டால் மூன்றே முக்கால் லட்சத்துக்கும் மேல். நடுத்தரச் சம்பளம் வாங்கும் ஒருவர் இதைக் கட்டிக்கொண்டு குடும்பத்தை அங்கு வைத்திருக்க இயலாது. பல குடும்பங்கள் ஊர் திரும்பின. கணவர் அங்கே அறைவாசியாகத் தங்கிவிட, மனைவி மக்கள் இங்கே மாமியார் வீட்டிலும் வாடகை வீட்டிலும் வாழத் தொடங்கினார்கள். படிப்பின் நடுவில் பள்ளி மாறிய பிள்ளைகளின் இழப்பை எந்த ரசீதும் காட்டாது.

ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிதியைப் பேணும் உரிமை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. பிழைப்புக் கொடுத்த மண்ணுக்கு நன்றி மறப்பதும் நம் பண்பு அன்று. ஆனால் இந்தக் கட்டணம் நிறுவனத்தின் ஆதாயத்தின்மீது விழவில்லை. ஒரு தந்தை தன் பிள்ளைகளோடு வாழ்வதன்மீது விழுந்தது. அது அரசின் செலவுக் கணக்கில் வராமல் வீட்டின் பிரிவுக் கணக்கில் வருகிறது.

சவூதியின் சட்டத்தில் தொழிலாளிக்கு ஆதரவான பக்கமும் உண்டு. அந்நாட்டுத் தொழிலாளர் சட்டத்தின் 40ஆம் பிரிவு, ஊழியரை வரவழைக்கும் கட்டணம், இக்காமாவும் வேலை அனுமதியும் பெறுவதற்கும் புதுப்பிப்பதற்குமான கட்டணம், தாமதத்தால் வரும் அபராதம் ஆகியவற்றை முதலாளியே ஏற்க வேண்டும் என்கிறது. குடும்பத்தார்க்கான கட்டணம் ஊழியருடையது. இக்காமாக் கட்டணம் முதலாளியுடையது. எனினும் இக்காமாப் பணத்தைச் சம்பளத்தில் பிடிக்கும் கஃபீல்களைப் பற்றி நம் சபுராளிகள் சொல்லக் கேட்காதவர் யார்? பழைய தோட்டத்துத் துண்டு முறை பெயர் மாறித் தொடர்கிறது என்றே சொல்ல வேண்டும்.

மலேசியாவில் இந்தக் கேள்வி திறந்த வெளியிலேயே விவாதிக்கப்பட்டது. வெளிநாட்டுத் தொழிலாளர்மீதான லெவியை 2009 முதல் முதலாளிகள் கட்ட வேண்டும் என்றார்கள். 2013இல் அது தொழிலாளியின் சம்பளத்துக்கு மாற்றப்பட்டது. 2018 முதல் மீண்டும் முதலாளியிடம் வந்தது. இடையில் 2016இல் உற்பத்தி, கட்டுமானத் துறைகளுக்கான லெவி 1,850 ரிங்கிட்டாக உயர்ந்தது. நம்மவர்கள் நடத்தும் உணவகங்களில் முதலாளியாக இருப்பவரும் நம்மவர், தட்டு ஏந்துபவரும் நம்மவர் என்ற நிலை உண்டு. ஆகவே இந்தக் கேள்வி அரசுகளை நோக்கி மட்டும் அன்று, நம் முதலாளிகளை நோக்கியும் எழுகிறது.

செலவுக்கு மேல் வாங்கும் அரசுகள்

மேலை நாடுகளில் கட்டணம் உயர்வதற்குச் சொல்லப்படும் நியாயம் வேறு. சேவையைப் பயன்படுத்துபவரே அதன் செலவை ஏற்க வேண்டும். உள்நாட்டு வரி செலுத்துவோர்மீது அதைச் சுமத்தலாகாது என்கிறார்கள். அமெரிக்காவில் 1988இல் இதற்கெனத் தனி நிதிக் கணக்கு உருவாக்கப்பட்டது. குடிநுழைவு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் துறை இன்றும் பெரும்பாலும் கட்டணங்களாலேயே இயங்குகிறது. இந்த நியாயத்தை முற்றாகத் தள்ளிவிட இயலாது. கேட்ட வேலைக்கு ஆன செலவைக் கேட்பது முறையே.

ஆன செலவைவிடப் பன்மடங்கு கேட்கும்போதுதான் அந்த நியாயம் உடைகிறது. பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு 2003இல் 155 பவுண்டு. 2025 ஏப்ரலில் 3,029 பவுண்டு. இதற்கு மேல் 2015இல் ஆண்டுக்கு 200 பவுண்டாகத் தொடங்கிய மருத்துவக் கூடுதல் கட்டணம் 2024 பிப்ரவரியில் 1,035 பவுண்டாயிற்று. ஐந்தாண்டு விசாவுக்கு ஒருவர் விண்ணப்பிக்கும்போதே 5,175 பவுண்டை மொத்தமாகக் கட்ட வேண்டும். அவர் அங்கு உழைத்து வரியும் செலுத்துவார் என்பது கணக்கில் வரவில்லை.

குழந்தைகளின் குடியுரிமைப் பதிவு இன்னும் தெளிவான சான்று. அதற்கு அரசுக்கு ஆகும் செலவு 372 பவுண்டு என்று கணக்கிடப்பட்ட காலத்தில், வசூலிக்கப்பட்டது 1,012 பவுண்டு. 2019 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம், குழந்தைகளின் நலனைக் கருதாமல் இக்கட்டணம் நிர்ணயிக்கப்பட்டது சட்டவிரோதம் என்றது. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், இத்தகைய கட்டணம் விதிக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றம் அரசுக்குத் தந்திருக்கிறது என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் வழக்கு வீணாகவில்லை. அதே ஆண்டு ஜூன் முதல், கட்ட இயலாத குடும்பங்களின் குழந்தைகளுக்குக் கட்டண விலக்கு கிடைத்தது. தொகை குறையாவிட்டாலும், இல்லாதவருக்கு ஒரு வாசல் திறந்தது.

இனி 1,00,000 டாலர் எச்-1பி அறிவிப்புக்கு வருவோம். அதைக் கட்ட வேண்டியவர் ஊழியர் அன்று, அழைக்கும் நிறுவனம். யார் கொடுப்பது என்ற கேள்விக்கு இது சரியான விடைபோலத் தோன்றலாம். ஆனால் எதற்காக என்ற இரண்டாம் கேள்வியில் அது நேட்டாலின் பக்கம் சேர்கிறது. அத்தொகை ஒரு விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் செலவு அன்று; விண்ணப்பமே வராமல் இருப்பதற்கான விலை.

நம் மஹல்லா செய்யத்தக்கது

அரசுகளின் கட்டணத்தைக் குறைக்கும் ஆற்றல் ஓர் ஊர் ஜமாஅத்துக்கு இல்லை. ஆனால் அது விழும் இடத்தில் பஞ்சு விரிக்கும் ஆற்றல் உண்டு.

முதலாவது அறிவு. எந்தக் கட்டணம் அரசுடையது, எது முதலாளியுடையது, எது ஏஜெண்டுடையது என்பதைப் பிரித்தறியாமல் கொடுப்பதாலேயே நாம் அதிகம் இழக்கிறோம். சபருக்குப் போகும் இளைஞர் ஒவ்வொருவரும் ஒரு தாளில் மூன்று பத்திகளாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ரசீது கேட்டாலே பாதிச் சுரண்டல் நின்றுபோகும். பாளையங்கோட்டையில் 1971 முதல் இயங்கும் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியைப் போன்ற நம் கல்வி நிலையங்களிலிருந்து ஆண்டுதோறும் வெளிவரும் பட்டதாரிகள், இதை மஹல்லாவின் பெரியவர்களுக்குப் படித்துச் சொல்லும் பணியை எளிதாக ஏற்கலாம்.

இரண்டாவது கடன். விசாக் கட்டணத்துக்காக நகை அடகு வைத்து வட்டியில் விழும் வீடுகள் நம்மிடையே உண்டு. வட்டி ஹராம் என்று மேடையில் சொன்னால் மட்டும் போதாது. வட்டியில்லாத கடனுக்கு வழி இருக்க வேண்டும். பைத்துல்மால் நடத்தும் மஹல்லாக்கள் சபர்க் கட்டணத்துக்கெனத் தனியே கர்ள் ஹஸன் நிதி ஒன்றை ஒதுக்கலாம். ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் கடனாளியையும் வழிப்போக்கரையும் திருக்குர்ஆன் குறிப்பிடுகிறது. எவர் அதில் அடங்குவர் என்பதை ஆலிம்களிடம் கேட்டுச் செயல்படுவது நல்லது.

மூன்றாவது நம் சொந்த நடத்தை. வெளிநாட்டில் கடையோ உணவகமோ நிறுவனமோ நடத்தும் நம் செல்வர்கள், சட்டம் தம்மீது வைத்த கட்டணத்தை ஊழியரின் சம்பளத்தில் பிடிக்காமல் இருப்பதே பெரிய ஸதக்கா. அது தர்மம்கூட அன்று, கடமை. ஸலாஹுத்தீன் அய்யூபி ஹாஜிகளின் சுமையைத் தம் அரசின்மீது ஏற்றுக்கொண்டார். கச்சாலியா போராட்டத்துக்காகத் தம் வணிகத்தை இழந்தார். அவர்கள் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்ளும் நாம், நம் ஊழியரின் இக்காமாப் பணத்தில் அவர்களைப் பின்பற்றத் தொடங்கலாம்.

எல்லைகள் இருக்கும்வரை கட்டணங்களும் இருக்கும். அவை சேவையின் விலையாக இருக்கின்றனவா, பிரிவின் விலையாக மாறுகின்றனவா என்று கேட்டுக்கொண்டே இருப்பது நம் பொறுப்பு. நம் சபுராளிகளின் வழிகளை அல்லாஹ் எளிதாக்குவானாக. பிரிந்திருக்கும் குடும்பங்களை நலமாக ஒன்றுசேர்ப்பானாக.